காதொலிப்பான்களில் இடைநிலை அதிர்வெண்களின் ஒலித்தரம்: தமிழ்ப் பேச்சொலிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களஆய்வில் பதிவுசெய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்கம் செய்தல், பழைய இசைத்தட்டுகளை ஆராய்தல், இணையவழிப் பாடம் கேட்டல் ஆகிய பணிகளில் இயர்போன் என்று வழங்கும் காதொலிப்பான் இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. சந்தையில் கிடைக்கும் காதொலிப்பான்கள் பலவற்றில் தாழ்சுரமும் உச்சசுரமும் உயர்த்தப்பட்டு, இவற்றிற்கு இடைப்பட்ட பகுதி தாழ்ந்து ஒலிக்கிறது. தமிழின் உயிரொலிகளையும், ல, ள, ழ போன்ற மெய்யொலிகளையும் வேறுபடுத்தும் ஒலிக்கூறுகள் பெரிதும் இவ்விடைப் பகுதியிலேயே அமைந்துள்ளன. எனவே, இடைநிலை அதிர்வெண்களின் தரம் இசை நுகர்வோரின் விருப்பம் சார்ந்தது மட்டுமன்று. மொழித்தரவின் நம்பகத்தன்மையையும் கேட்போரின் செவிநலத்தையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காதொலிப்பான், இடைநிலை அதிர்வெண், ஒத்ததிர்வு முகடு, வளைநா ஒலி, எழுத்தாக்கம், செவிநலம்.

முன்னுரை

ஒரு வட்டார வழக்கை ஆராய்பவர், தகவலாளி ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்துகொண்டு வந்து, பின்னர் அதனைக் காதொலிப்பான் வழியாகக் கேட்டு எழுதுகிறார். தகவலாளி ‘பழம்’ என்றாரா, ‘பளம்’ என்றாரா என்பது அவ்வாய்வில் ஒரு தரவு. ழகரம் சில வழக்குகளில் ளகரமாகவும், சில வழக்குகளில் யகரமாகவும் ஒலிக்கப்படுவதை அறிந்த ஆய்வாளர், எவ்வொலி வந்தது என்பதைத் தம் செவியைக் கொண்டே முடிவுசெய்கிறார். அவ்வாறு முடிவுசெய்யும்போது, பேசியவரின் வாய்க்கும் கேட்பவரின் செவிக்கும் இடையில் இரண்டு கருவிகள் நிற்கின்றன. ஒன்று ஒலிவாங்கி, மற்றொன்று காதொலிப்பான். ஒலிவாங்கியின் தரம் குறித்துக் களஆய்வு நெறிமுறைகளில் ஓரளவு பேசப்படுகிறது. காதொலிப்பானோ கைப்பேசியுடன் வாங்கும் துணைப்பொருளாகவே கருதப்படுகிறது. இக்கருவி எப்பகுதியில் பிழைபட்டால் மொழியொலிகள் மயங்கும் என்பதைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைநிலை அதிர்வெண் என்பது

மனிதச் செவி கேட்கக்கூடிய ஒலியின் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எனக் கொள்ளப்படுகிறது. அதிர்வெண் இருமடங்காவதை ஒரு ஸ்தாயி எனக் கொண்டால், இவ்வெல்லைக்குள் ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள் அடங்கும். இதனை ஒலிப்பொறியாளர்கள் மூன்றாகப் பகுப்பர். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது தாழ்சுரப் பகுதி; 250 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலானது இடைநிலைப் பகுதி; அதற்கு மேற்பட்டது உச்சசுரப் பகுதி. இவ்வெல்லைகள் நூலுக்கு நூல் சற்று வேறுபடும். 250 ஹெர்ட்ஸ் முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை நான்கு ஸ்தாயிகளே உள்ளன. பத்தில் நான்கு பங்கான இப்பகுதியே பேச்சை விளங்கிக்கொள்வதில் முதன்மையான பங்காற்றுகிறது.

இவ்விடத்தில் ஆற்றலையும் செய்தியையும் வேறுபடுத்திக் காணவேண்டும். பேச்சொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்தறியத் துணைசெய்யும் கூறுகளோ பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ளன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேச்சின் அசைகளை இனங்காண்பதில் 1900 ஹெர்ட்ஸ் நடுப்புள்ளியாக அமைவதைக் காட்டினர். அதாவது, 1900 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் கேட்டாலும், மேலுள்ள பகுதியை மட்டும் கேட்டாலும் அசைகளை இனங்காணும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆங்கிலப் பேச்சைக் கொண்டு பெறப்பட்ட இவ்வெண் தமிழுக்கு அப்படியே பொருந்தும் எனக் கூற இயலாது. ஆயினும் பேச்சின் செய்தி இடைநிலைப் பகுதியைச் சுற்றித் திரண்டிருப்பதை இது உணர்த்துகிறது.

செவியின் இயல்பு

இடைநிலைப் பகுதியின் முதன்மைக்குச் செவியின் அமைப்பே ஒரு காரணம். செவிப்பறைக்கு இட்டுச்செல்லும் செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. ஒருமுனை மூடிய குழாய் தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு ஒத்ததிரும். 10 செ.மீ. அலைநீளமுள்ள ஒலியின் அதிர்வெண் காற்றில் ஏறத்தாழ 3400 ஹெர்ட்ஸ் ஆகும். உண்மையான செவியில் செவிமடல், செவிப்பறை ஆகியவற்றின் விளைவும் சேர்வதால் இந்த ஒத்ததிர்வு 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. இதனால், வெளியிலிருந்து வரும் அவ்வதிர்வெண் ஒலி செவிப்பறையை அடையும்போது 15 டெசிபலுக்கும் மேலாக வலுப்பெறுகிறது. ஹார்வி ஃபிளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட சமஉரப்பு வளைகோடுகளும், செவியின் உணர்திறன் 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மிகுதி என்பதைக் காட்டின.

செவிக்குழாயினுள் பொருத்தும் காதொலிப்பான் இவ்வியற்கை அமைப்பை மாற்றிவிடுகிறது. குழாயின் திறந்த முனை அடைபடுவதால் மேற்கூறிய ஒத்ததிர்வு குலைகிறது. செவிமடலின் பங்கும் இல்லாமற்போகிறது. செவி இயல்பாகச் செய்துவந்த வலுவூட்டலைக் காதொலிப்பானே செய்தாகவேண்டிய நிலை ஏற்படுகிறது. எனவே, அளவுகருவியில் எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் வெளியிடும் காதொலிப்பான் செவிக்குச் சமநிலையாக ஒலிக்காது. குரல் மங்கித் தொலைவிலிருந்து வருவதுபோலத் தோன்றும். 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு திட்டமிட்டு அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இடைநிலைத் தரம் என்பதன் முதற்கூறு இதுவே.

உயிரொலிகளின் வேறுபாடு

குரல்வளையில் பிறக்கும் ஒலி, தொண்டை, வாய் ஆகிய அறைகளின் வழியே வெளிப்படும்போது சில அதிர்வெண்களில் வலுப்பெறுகிறது. ஒலியியலார் ஃபார்மண்ட் என்று கூறும் இவ்விடங்கள் இக்கட்டுரையில் ஒத்ததிர்வு முகடுகள் எனச் சுட்டப்படுகின்றன. ஆடவர் ஒருவரின் குரல்வழியை 17.5 செ.மீ. நீளமுள்ள, ஒருமுனை மூடிய சீரான குழாயாகக் கருதினால், முதல் மூன்று முகடுகளும் முறையே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என அமையும். நாவும் இதழும் அசையும்போது இம்முகடுகள் இடம்பெயர்கின்றன. அப்பெயர்ச்சியையே செவி வெவ்வேறு ஒலிகளாக உணர்கிறது. மூன்று முகடுகளும் இடைநிலைப் பகுதிக்குள் அமைதல் கருதத்தக்கது.

பீட்டர்சன், பார்னி ஆகியோர் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட அமெரிக்க ஆங்கில உயிரொலி அளவீடுகள் இதனைத் தெளிவாக விளக்கும். ஆடவர் குரலில் ஈகாரத்தை ஒத்த உயிருக்கு முதல் முகடு சராசரியாக 270 ஹெர்ட்ஸ்; ஊகாரத்தை ஒத்த உயிருக்கு 300 ஹெர்ட்ஸ். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 30 ஹெர்ட்ஸ் மட்டுமே. இரண்டாம் முகட்டிலோ முன்னது 2290 ஹெர்ட்ஸ்; பின்னது 870 ஹெர்ட்ஸ். தமிழ் ஈகார ஊகாரங்களின் துல்லிய அளவுகள் சற்று வேறுபடினும், நாவின் முன்பகுதி உயர்வதால் பிறக்கும் உயிருக்கும், நாவின் பின்பகுதி உயர்ந்து இதழ் குவிவதால் பிறக்கும் உயிருக்கும் இடையிலான இவ்வுறவு பொதுவானது. ‘மீன்’ என்னும் சொல்லின் உயிரையும் ‘மூன்று’ என்னும் சொல்லின் முதல் உயிரையும் செவி பிரித்தறிவது, 800 ஹெர்ட்ஸுக்கும் 2300 ஹெர்ட்ஸுக்கும் இடையிலுள்ள பகுதி சிதையாமல் வந்துசேர்வதைப் பொறுத்தது. தாழ்சுரப் பகுதி எவ்வளவு செழுமையாக ஒலித்தாலும் இவ்வேறுபாட்டை அது தாங்கி வருவதில்லை.

ல, ள, ழ ஒலிகளும் மூன்றாம் முகடும்

தமிழில் வலி, வளி, வழி; வால், வாள், வாழ்; கிலி, கிளி, கிழி என்னும் சொற்கள் ஒரே ஒலியால் பொருள் வேறுபடுவன. தொல்காப்பியம் பிறப்பியலில் இவ்வொலிகளின் பிறப்பைக் கூறும்போது, நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருடுதலால் ரகர ழகரங்கள் பிறப்பதையும், நாவின் விளிம்பு தடித்து ஒற்றுதலாலும் வருடுதலாலும் முறையே லகர ளகரங்கள் பிறப்பதையும் பிரித்துரைக்கிறது. நாவின் இச்சிறு வேறுபாடுகள் ஒலியலையில் எங்கே வெளிப்படுகின்றன என்பதே காதொலிப்பானைப் பொறுத்து எழும் வினா.

நாநுனி மேல்நோக்கி வளையும்போது மூன்றாம் முகடு தாழ்கிறது. ழகரத்தில் இத்தாழ்ச்சி மிகத் தெளிவாகப் புலப்படும். சீரான குழாயில் 2500 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும் முகடு, 2000 ஹெர்ட்ஸையோ அதற்குக் கீழுள்ள பகுதியையோ நோக்கி இறங்கி இரண்டாம் முகட்டை நெருங்குகிறது. லகரத்தில் இவ்விறக்கம் இல்லை. ளகரத்தில் மருங்கொலிக்குரிய கூறுகளுடன் வளைநாவின் விளைவும் கலந்துள்ளது. சிறீகாந்த் நாராயணன், டேனி பிர்ட், அபிகெயில் கான் ஆகியோர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு உள்ளிட்ட முறைகளால் ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். ஒரே மொழியில் இத்தனை நெருக்கமான ஒலிகள் தனித்தனி ஒலியன்களாக நிற்பதே அவ்வாய்வுக்குத் தமிழ் களமானதற்குக் காரணம் எனலாம்.

வளைநா ஒலிகளைப் பற்றிய மற்றொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. இவற்றை அடையாளங்காட்டும் முகட்டுச் சரிவு, ஒலிக்குப் பின்வரும் உயிரைவிட முன்னிற்கும் உயிரின் இறுதிப் பகுதியிலேயே வலுவாகத் தோன்றும். ‘மணம்’, ‘மனம்’ ஆகிய சொற்களை வேறுபடுத்துவதில் முதல் அகரத்தின் இறுதிப் பகுதிக்கும் பங்குண்டு. ட, ண, ள, ழ முதலிய மெய்கள் மொழிக்கு முதலாகா என்னும் தொல்காப்பிய நெறியை இவ்வொலியியல் உண்மையோடு இணைத்து எண்ண இடமுண்டு. முன்னே உயிர் நில்லாதவிடத்து இவ்வொலிகளின் அடையாளம் மெலியும். இங்ஙனம் நொடியின் நூறில் சில பங்கே நீடிக்கும் இச்சரிவு, 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நிகழ்கிறது. அப்பகுதியைத் தாழ்த்தி ஒலிக்கும் காதொலிப்பானில் முதலில் மயங்குவன இவ்வொலிகளே ஆகும்.

எழுதப்பட்ட தமிழை நன்கறிந்த ஆய்வாளருக்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. தெளிவற்ற ஒலியைக் கேட்கும்போது மனம் சூழலைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறது. தகவலாளி ‘வாளப்பளம்’ என்று கூறியிருப்பினும், ஒலி மங்கலாயின், ஆய்வாளரின் செவி தான் அறிந்த ‘வாழைப்பழம்’ என்பதையே கேட்கக்கூடும். பிழை நேர்ந்ததென்று உணர்த்தும் அடையாளம் எதுவும் எழுத்தாக்கத்தில் எஞ்சுவதில்லை. கருவியின் குறை இவ்வாறு தரவாக மாறிவிடுகிறது.

தொலைபேசியும் பழைய இசைத்தட்டும் தரும் சான்று

இடைநிலைப் பகுதி மட்டும் எஞ்சினும் பேச்சு விளங்கும் என்பதற்கு வரலாற்றில் இரு பெரும் சான்றுகள் உள்ளன. முதலாவது தொலைபேசி. மரபான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்தியது. ஹெர்ட்ஸ் கணக்கில் இது செவியின் முழு எல்லையில் ஆறில் ஒரு பங்கினும் குறைவு. ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸை ஒட்டி அமைவதால், அது தொலைபேசியில் வந்து சேர்வதே இல்லை. ஆயினும் பேசுபவர் ஆடவர் என்பதும், குரலின் ஏற்ற இறக்கமும் தெளிவாகப் புலப்படுகின்றன. இடைநிலையில் உள்ள மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு அடிப்படைச் சுருதியைச் செவியும் மூளையும் மீட்டுக்கொள்வதே இதற்குக் காரணம்.

தொலைபேசியின் குறையும் படிப்பினை தருவதே. சகர வகை உரசொலிகளின் ஆற்றல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவியிருப்பதால், அறிமுகமில்லாத பெயர்களைத் தொலைபேசியில் கூறும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1988ஆம் ஆண்டு ஏற்ற ஜி.722 தரமுறை இவ்வெல்லையை 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை விரித்தது.

இரண்டாவது சான்று இசைத்தட்டு. மின்முறைப் பதிவு 1925ஆம் ஆண்டு நடைமுறைக்கு வரும்வரை, பாடுவோர் ஓர் ஊதுகுழலின் முன் நின்று பாட, அவ்வொலியின் விசையே மெழுகுத்தட்டில் கோடாகப் பதிந்தது. அம்முறையில் ஏறத்தாழ 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே பதிவாயிற்று. கோயம்புத்தூர் தாயி (1872–1917) பாடிய கிராமபோன் தட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் தாழ்சுரமும் இல்லை, உச்சசுரமும் இல்லை; எனினும் பாடகியின் குரலும் கமகங்களும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

இத்தகைய பதிவை, இருமுனையும் உயர்த்திய காதொலிப்பானில் கேட்டால் நிகழ்வது யாது? 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே தட்டு சுழலும் உறுமல் மட்டுமே உண்டு. 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஊசியின் கரகரப்பு மட்டுமே உண்டு. காதொலிப்பான் அவ்விரண்டையும் உயர்த்தி, குரல் நிற்கும் ஒரே பகுதியைத் தாழ்த்துகிறது. ‘பழைய தட்டில் ஒன்றும் விளங்கவில்லை’ என்று கேட்பவர் கூறும் குறையில் தட்டின் பங்கு எவ்வளவு, காதொலிப்பானின் பங்கு எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

இசையில் இடைநிலை

கருநாடக இசையின் குரல் வீச்சும் இதனையே உணர்த்துகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் ஆதார சட்சம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸிலும் தாரஸ்தாயிப் பஞ்சமம் 392 ஹெர்ட்ஸிலும் அமையும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அதே வீச்சு 147 முதல் 587 ஹெர்ட்ஸ் வரை ஆகும். சுரங்களின் அடிப்படை அதிர்வெண்கள் இடைநிலையின் கீழ்ப்பகுதியிலும் அதனை ஒட்டியும் அமைய, குரலின் தனித்தன்மையும் சாகித்தியத்தின் சொற்களும் அதன் மேற்பகுதியில் அமைகின்றன. தம்புராவிலும் வீணையிலும் குதிரையின் வளைந்த மேற்பரப்பு மேற்சுரங்களை மிகுவிப்பதை ச.வெ. இராமன் 1921ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். தம்புராவின் சுனாதமாக உணரப்படுவது இம்மேற்சுரங்களின் செறிவே ஆதலின், இடைநிலை தாழ்ந்தவழி சுருதியின் நிறைவும் குன்றுகிறது.

இடைநிலை தாழ்வதற்கான காரணங்கள்

காதொலிப்பான்களில் பெரும்பான்மையானவை, சுருளும் மெல்லிய சவ்வும் அசைந்து ஒலியெழுப்பும் இயங்குசுருள் வகையைச் சேர்ந்தவை. செவித்துணைக் கருவிகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்ட சமனிலை ஆர்மெச்சர் வகையும் பயன்பாட்டில் உள்ளது. பல ஒலிப்பிகளை ஒன்றாகப் பொருத்தும்போது, ஒன்றின் எல்லை முடிந்து மற்றொன்றின் எல்லை தொடங்கும் இடம் இடைநிலைப் பகுதியில் விழுந்தால், அவ்விடத்தில் பள்ளமோ மேடோ தோன்றக்கூடும். ஒலிப்பிகளின் எண்ணிக்கை தரத்திற்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும். 1991ஆம் ஆண்டு எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட ஈஆர்-4 என்னும் காதொலிப்பான் ஒரேயொரு ஆர்மெச்சரைக் கொண்டே, திறந்த செவியின் ஒத்ததிர்வை ஈடுசெய்யும் நோக்கில் வடிவமைக்கப்பட்டது.

தொழில்நுட்பக் காரணத்தினும் வலியது சந்தைக் காரணம். குறைந்த ஒலியளவில் செவி தாழ்சுரத்தை மிகக் குறைவாகவே உணரும் என்பது சமஉரப்பு வளைகோடுகள் காட்டும் உண்மை. ஆதலின், கடையில் சில நிமிடங்கள் கேட்டுப் பார்ப்பவருக்குத் தாழ்சுரம் உயர்த்திய கருவி நிறைவாகவும், உச்சசுரம் உயர்த்திய கருவி துல்லியமாகவும் தோன்றும். நடுவில் ஏற்பட்ட பள்ளம் அச்சில நிமிடங்களில் புலப்படாது. நீண்ட உரையைக் கேட்கும்போதே புலப்படும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்னும் குறிப்பும் இதற்கு உதவாது. எத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வுக்குள் அவ்வெல்லை எட்டப்படுகிறது என்று கூறாதவரை அது கருவியின் சமநிலையைத் தெரிவிப்பதில்லை.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலியோர் 2012ஆம் ஆண்டு முதலாக நடத்திய கேட்புச் சோதனைகளில், தாழ்சுரம் ஓரளவு உயர்ந்திருப்பதைக் கேட்போர் விரும்பினர் என்பது உண்மையே. ஆனால், அவர்கள் வகுத்த வளைகோட்டில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேடும் தெளிவாக இடம்பெற்றுள்ளது. தாழ்சுர விருப்பமும் இடைநிலைத் தெளிவும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை இது காட்டுகிறது.

கம்பியில்லாக் காதொலிப்பான்களில் மேலும் ஒரு கூறு உண்டு. மரபான புளூடூத் இணைப்பில் ஒலிவாங்கியும் இயங்கத் தொடங்கும்போது, கருவி இசைக்குரிய முறையை விட்டு உரையாடலுக்குரிய முறைக்கு மாறுகிறது. பழைய உரையாடல் முறையில் ஒலி நொடிக்கு 8000 மாதிரிகளாகவும், புதிய முறையில் 16,000 மாதிரிகளாகவும் அனுப்பப்படுகிறது. மாதிரி எண்ணிக்கையின் பாதியே கடத்தக்கூடிய உச்ச அதிர்வெண் ஆதலால், முன்னதில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது இழக்கப்படுகிறது. இணையவழி நேர்காணலின்போது குரல் திடீரெனத் தகரத்தன்மை அடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைப்பும் செவிநலமும்

வலுவான தாழ்ந்த ஒலி தன்னினும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட மெல்லிய ஒலியைக் கேட்கவொட்டாமல் மறைக்கும். இம்மறைப்பு மேல்நோக்கியே மிகுதியாகப் பரவும் என்பதை வீகல், லேன் ஆகியோர் 1924ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டினர். எனவே, தாழ்சுரம் மிகைப்பட்ட காதொலிப்பானில் இடைநிலை இருவகையில் இழப்புறுகிறது: தன்னளவிலும் தாழ்ந்திருக்கிறது, தாழ்சுரத்தாலும் மறைக்கப்படுகிறது. பேருந்திலும் தொடர்வண்டியிலும் பயணம் செய்வோர்க்கு இயந்திரத்தின் தாழ்ந்த இரைச்சலும் இதனோடு சேர்கிறது. பேச்சு விளங்காதபோது கேட்பவர் செய்யக்கூடியது ஒலியளவை உயர்த்துவதே. அவ்வாறு உயர்த்தும்போது விளங்காத பகுதியுடன், ஏற்கெனவே மிகையாக உள்ள பகுதிகளும் உயர்கின்றன.

உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019ஆம் ஆண்டு அறிவித்த பாதுகாப்பான கேட்பு நெறிமுறை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபல் என்னும் வரம்பைக் கூறுகிறது. 3 டெசிபல் உயரும்போதெல்லாம் கேட்கத்தகும் நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி நேரம். 86 டெசிபலில் 10 மணி நேரம். செவியின் உணர்திறனுக்கேற்ப எடையிட்டு அளப்பதால் இவ்வளவீட்டில் தாழ்சுரத்தின் பங்கு குறைவாகவே கணக்கிடப்படும். ஆயினும் மறைப்பை வெல்லும் பொருட்டுக் குரலையே உயர்த்தும்போது இக்கணக்கு முழுமையாகப் பொருந்துகிறது. மிகை ஒலியால் நேரும் செவிக்குறை முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலேயே, பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டியே, தோன்றும். கருவியில் தாழ்ந்த இடைநிலையை ஈடுசெய்ய முயல்பவர், காலப்போக்கில் இடைநிலையின் மேல்விளிம்பைத் தம் செவியிலேயே இழக்க நேரிடலாம்.

கேட்டுச் சோதிக்கும் முறை

காதொலிப்பான்களை அளக்கும் ஆய்வகங்கள் செவிக்குழாயை ஒத்த ஐஇசி 60318-4 வகை அளவுகலத்தைப் பயன்படுத்துகின்றன. அவ்வசதி இல்லாத மொழித்துறைகளும் பின்வரும் எளிய முறையைக் கையாளலாம்.

1. ல, ள, ழ, ன, ண, ர, ற ஆகியன பயிலும் வேற்றுமை இணைச்சொற்களை, அவ்வொலிகளைப் பிரித்து ஒலிக்கும் ஒருவரைக்கொண்டு அமைதியான அறையில் பதிவுசெய்தல் வேண்டும். சொற்கள் தொடரில் அமையாமல் தனித்தனியே, வரிசை மாற்றி அமைதல் நன்று.

2. கேட்பவர் சொற்பட்டியலைப் பாராமல், ஒவ்வொரு காதொலிப்பானிலும் ஒரே ஒலியளவில் கேட்டு எழுதவேண்டும். உரத்து ஒலிப்பது தெளிவாக ஒலிப்பதாகத் தோன்றும் என்பதால் ஒலியளவைச் சமப்படுத்துதல் முதன்மையானது.

3. எழுதியதைப் பட்டியலோடு ஒப்பிட்டு, எவ்விணை மிகுதியாக மயங்கியது என்பதைக் கணக்கிடவேண்டும். ஒருவர் மட்டுமன்றிப் பலர் கேட்டெழுதின் கருவியின் குறையையும் கேட்பவரின் குறையையும் பிரித்தறியலாம்.

4. ஐயமுள்ள இடங்களை, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய பிராட் என்னும் இலவச மென்பொருளில் நிறமாலைப் படமாகக் கண்டு, மூன்றாம் முகட்டின் இறக்கத்தை உறுதிசெய்தல் வேண்டும். அதே மென்பொருளில் 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை நீக்கிக் கேட்பின், அப்பகுதியின் பங்கை மாணவர்கள் தம் செவியாலேயே உணரமுடியும்.

செவிமுனை ரப்பர் செவிக்குழாயில் சரியாகப் பொருந்தாதபோது தாழ்சுரம் கசிந்து சமநிலை மாறும். ஆகையால் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பொருத்தத்தைச் சரிபார்ப்பது தேவை. கைப்பேசியில் உள்ள ஒலிச்சமனியைக் கொண்டு தாழ்சுரத்தைக் குறைப்பது, இடைநிலையை உயர்த்துவதினும் பாதுகாப்பானது. மறைப்பு நீங்குவதோடு மொத்த ஒலியளவும் உயராது.

இடைநிலை மிகுதலும் குறையே. 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை மிகின், குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கும். 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை மிகின், ஒலி உறுத்தி விரைவில் சோர்வூட்டும். மிருதங்கத்தின் தொப்பிக்கும் தவிலுக்கும் தாழ்சுரமும், உரசொலிகளுக்கு உச்சசுரமும் தேவைப்படுவதால், இடைநிலையின் இன்றியமையாமை மற்றவற்றை விலக்கும் வாதமாகாது.

முடிவுரை

செவிக்குழாயின் ஒத்ததிர்வு, பேச்சின் ஒத்ததிர்வு முகடுகள், வளைநா ஒலிகளின் முகட்டுச் சரிவு ஆகிய மூன்றும் 250 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் சந்திக்கின்றன. தொலைபேசியும் 1925க்கு முந்தைய இசைத்தட்டும் இப்பகுதியை மட்டுமே கொண்டு குரலைக் காத்துத் தந்தன. எல்லாப் பகுதிகளையும் எட்டக்கூடிய இன்றைய காதொலிப்பானில் அதே பகுதி தாழ்ந்துவிடின், ல, ள, ழ ஒலிகள் மயங்கி எழுத்தாக்கம் பிழைபடுகிறது. பிழையை ஈடுசெய்ய ஒலியளவை உயர்த்துவோரின் செவியும் ஊறுபடுகிறது.

வட்டார வழக்கு, நாட்டார் வழக்காறு, பேச்சுமொழி ஆகியவை பற்றிய ஆய்வேடுகள் பதிவுக்கருவியின் பெயரைக் குறிப்பதுபோலவே, கேட்டெழுதப் பயன்பட்ட காதொலிப்பானையும், ஐயமுற்ற ஒலிகள் எவ்வாறு சரிபார்க்கப்பட்டன என்பதையும் ஆய்வுமுறையியல் பகுதியில் குறித்தல் தகும். அதே பதிவைப் பின்னர் கேட்கும் மற்றோர் ஆய்வாளர் வேறு ஒலியைக் கேட்டதாகக் கூறுமிடத்து, வேறுபாடு பேச்சில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்று தீர்மானிக்க அக்குறிப்பு உதவும்.